சிஆர்என்ஏ டாக்டரேட்: விண்ணப்பம், நேர்காணல், நம் ஊர் பிஎஸ்சி நர்சிங்

ஹூஸ்டன் ஐசியு:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் முடித்து, குவைத்தில் சில வருடம் ஐசியுவில் வேலை பார்த்து, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி இங்கே அமெரிக்கா வந்தவள் நான். கிரீன் கார்டு கையில் இருக்கிறது. வந்த புதிதில் ஐசியுவுக்கு ஒரு படி கீழான ஸ்டெப் டவுன் வார்டு, இப்போது மெடிக்கல் ஐசியு, இரவுப் பணி.

எங்கள் பிரிவில் மூச்சு முட்டிப்போன நோயாளிக்குக் குழாய் போட நள்ளிரவில் ஒரு சிஆர்என்ஏ, அதாவது மயக்கம் கொடுக்கத் தனியாகப் படித்த நர்ஸ், வருவார். தலைமாட்டில் நின்று எந்த மருந்து, எவ்வளவு என்று அவரே முடிவெடுப்பார், அவரே செலுத்துவார், குழாயையும் அவரே போடுவார். நம் ஊரில் மயக்க மருந்து என்றாலே டாக்டர் வேலை. இங்கே ஒரு நர்ஸ் அதைச் செய்வதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை.

விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ஊர் மார்க் ஷீட்டை எப்படிக் காட்டுவது? குவைத் அனுபவம் கணக்கில் வருமா? நேர்காணலில் என்னதான் கேட்பார்கள்? இந்த வழியில் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஓஹயோ அக்கா:

வாம்மா. நான் பல வருடமாக சிஆர்என்ஏ. இங்கே ஒரு கல்லூரியின் நேர்காணல் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குவைத் ஐசியு அனுபவம் தகுதிக் கணக்கில் வராது. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் குழு சிஓஏ. குறைந்தது ஒரு வருட முழுநேரத் தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும், அதுவும் அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோ வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஸ்டெப் டவுன் காலமும் பெரும்பாலான கல்லூரிகளில் சேராது. ஆக உனக்கு மெடிக்கல் ஐசியுவில் கால் வைத்த நாளிலிருந்துதான் கணக்கு. ஒரு வருடம் என்பது வாசற்படி மட்டும்தான். இடம் கிடைப்பவர்களில் நிறையப் பேர் இரண்டு, மூன்று வருடம் முடித்தவர்கள். குவைத் அனுபவம் வீண் என்று நினைத்துவிடாதே. நேர்காணலில் அது பேசும்.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு முதுநிலைப் பட்டம் போதும். 2022 ஜனவரி 1 முதல் சேருகிறவர்கள் எல்லோரும் டாக்டரேட்தான் படிக்க வேண்டும், டிஎன்பி அல்லது டிஎன்ஏபி என்று அந்தப் பட்டத்துக்குப் பெயர். குறைந்தது மூன்று வருடம், சில இடங்களில் அதற்கும் மேல். நாடு முழுக்க 130க்கும் மேற்பட்ட அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. உன் ஊரிலேயே பேய்லர் மருத்துவக் கல்லூரியிலும் யூடி ஹெல்த் ஹூஸ்டனிலும் இருக்கிறது. முடிப்பதற்குள் குறைந்தது 600 கேஸ், 2,000 மணி நேரக் களப்பயிற்சி என்பது சிஓஏ வைத்த தரை. நடைமுறையில் மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கிண்டி டு டாலஸ்:

மார்க் ஷீட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இந்தக் காட்டைத் தாண்டி வந்தவன்.

நம் கல்லூரிகள் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. மதிப்பெண் சான்றிதழை டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும். மொத்தப் பட்டத்துக்கு மட்டும் செய்தால் போதாது. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக அவர்களுக்குப் போக வேண்டும், உங்கள் கையில் இருக்கும் நகல் செல்லாது. ஊரில் யாராவது கிண்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் வந்தால் வேலை வேகமாக நடக்கும். முதலில் இதைத் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நம் 65 சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் 60க்கு மேல் முதல் வகுப்பு என்பது மதிப்பீடு செய்பவர்களுக்குத் தெரியும். ஜிபிஏ, அதாவது இங்கே கணக்கிடும் மதிப்பெண் சராசரி, நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே வரும்.

சிக்கல் வேறு இடத்தில். நம் பாடத்திட்டத்தில் உயிர்வேதியியல் சத்துணவியலோடு சேர்ந்து ஒரே தாள். உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்து ஒரே தாள். புள்ளியியல் நர்சிங் ஆராய்ச்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். இங்கே கல்லூரிகள் வேதியியல், புள்ளியியல், உடலியங்கியல் எல்லாவற்றையும் தனித்தனிப் பாடமாகத் தேடுகின்றன. பொது வேதியியல் நம் நர்சிங் படிப்பில் தனியாகக் கிடையாது. தவிர, பழைய அறிவியல் மதிப்பெண்களை ஏற்காத கல்லூரிகளும் உண்டு, ஐந்து அல்லது பத்து வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் கம்யூனிட்டி காலேஜில் வேதியியலும் புள்ளியியலும் மாலை வகுப்பாகப் படித்தேன். இரண்டிலும் ஏ வாங்கினேன். ஊர் மார்க்கைவிட அந்த இரண்டு ஏதான் என் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று நம்புகிறேன். பதினெட்டு வயதில் வாங்கிய மார்க்கைவிட, வேலையும் குடும்பமும் இருக்கும்போது வாங்கும் மார்க் அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

இரவுப்பணி:

சிசிஆர்என் என்ற தீவிர சிகிச்சை நர்ஸ் சான்றிதழ்த் தேர்வை எழுதாமல் விண்ணப்பிக்காதீர்கள். சில கல்லூரிகள் கட்டாயம் என்கின்றன, மற்றவை விரும்பத்தக்கது என்று எழுதியிருந்தாலும் கட்டாயம் என்றே படித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் தீவிர சிகிச்சையில் நேரடியாக நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும், அதில் பாதி கடைசி வருடத்தில். தேர்வு மூன்று மணி நேரம், 150 கேள்வி, அதில் 125க்குத்தான் மதிப்பெண்.

அப்புறம், மெடிக்கல் ஐசியுவிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள் தோழி. இதய அறுவை ஐசியுவுக்கு மாறுங்கள். இதயத்துக்குத் துணை செய்யும் பலூன் பம்ப், இதயம் நுரையீரல் வேலையைச் செய்யும் எக்மோ, இதயத்துக்குள் அழுத்தம் அளக்கும் ஸ்வான் கதீட்டர் எல்லாம் அங்கேதான். குழுவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பிடிக்கும்.

இரண்டாம் ஆண்டு மாணவன்:

இரவுப்பணி அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் மெடிக்கல் ஐசியுவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொற்று முற்றி செப்டிக் ஷாக்கில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மூன்று பிரஷர் மருந்து ஓடும் நோயாளி, ஏஆர்டிஎஸ் என்ற கடும் நுரையீரல் பாதிப்பில் குப்புறப் படுக்க வைத்திருக்கும் நோயாளி, கல்லீரல் செயலிழந்தவர், இவர்களைப் பார்ப்பது எந்த விதத்தில் குறைந்தது? சிஓஏ விவரிப்பதும் பிரிவின் பெயரை அல்ல. உடலுக்குள் வைத்த கண்காணிப்புக் கருவிகள், வென்டிலேட்டர், பிரஷர் மருந்து இவற்றை வழக்கமாகக் கையாளும் இடமா என்பதுதான். பிரிவு மாறினால் புது இடத்தில் மறுபடி கற்றுக்கொண்டு, கடினமான நோயாளிகளைத் தரும் அளவுக்கு நம்பிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் இருக்கிற இடத்திலேயே மோசமான நோயாளியை எனக்குக் கொடுங்கள் என்று சார்ஜ் நர்ஸிடம் கேட்டு வாங்கலாம்.

இரவுப்பணி:

தம்பி, உங்கள் வகுப்பு அப்படி. நான் விண்ணப்பித்த இடங்களில் இதய ஐசியு ஆட்கள்தான் அதிகம் இருந்தார்கள். சிறிய மருத்துவமனையின் மெடிக்கல் ஐசியு என்றால் மாறுவதுதான் நல்லது, அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஓஹயோ அக்கா:

இரண்டு பேர் சொல்வதும் அந்தந்த மருத்துவமனையைப் பொறுத்தது. ஹூஸ்டனில் பெரிய மருத்துவமனை என்றால் அங்கேயே இரு. தமனிக்குள் வைத்து அழுத்தம் பார்க்கும் ஆர்ட்டீரியல் லைன்கூட அபூர்வமாக வரும் பிரிவு என்றால் மாறு.

ஹூஸ்டன் ஐசியு:

பெரிய மருத்துவமனைதான் அக்கா. ஆர்ட்டீரியல் லைன் இல்லாத நாளே கிடையாது. நேர்காணல்தான் பயமாக இருக்கிறது. எனக்குக் கோர்வையாகப் பேச வராது. ஆங்கிலம் தெரியும், ஆனால் நான்கு பேர் எதிரில் உட்கார்ந்தால் குரல் உள்ளே போய்விடும்.

இரண்டாம் ஆண்டு மாணவன்:

நேர்காணல் இரண்டு மாதிரி இருக்கும் அக்கா. சில கல்லூரிகள் முழுக்க மருத்துவம் கேட்கும், மருந்து, உடலியக்கம், ரத்த வாயு அறிக்கை என்று. சில கல்லூரிகள் மருந்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காது. சக ஊழியரோடு தகராறு வந்தபோது என்ன செய்தாய், உன் வேலையை யாராவது குறை சொன்னபோது எப்படி எடுத்துக்கொண்டாய், இந்த மாதிரி. பல இடங்களில் இரண்டும் கலந்து வரும். நேர்காணலுக்கு முன்பே கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன. எதிரே முகமே இல்லாமல் ஒன்றரை நிமிடம் பேச வேண்டும், அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

என்னைக் கேட்ட ஒரு கேள்வியை அப்படியே சொல்கிறேன். பைபாஸ் முடிந்து சில மணி நேரம் ஆன நோயாளி, வென்டிலேட்டரிலிருந்து எடுத்தாயிற்று. நெஞ்சிலிருந்து ரத்தத்தை வடிக்கும் செஸ்ட் ட்யூபில் மணிக்கு 150 மில்லி வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. மேப், அதாவது சராசரி ரத்த அழுத்தம், 52. சிவிபி, அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தம், 8லிருந்து 19. நாடி 125. என்ன செய்வாய்?

அழுத்தத்தை ஏற்றும் லெவோஃபெட்டைக் கூட்டுவேன் என்று வாய் வரைக்கும் வந்தது. மேப் 52 என்று பார்த்தவுடன் கை தானாகப் போகிற இடம் அது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, ரத்தம் நின்றது நல்ல செய்தி இல்லை, ட்யூப் உறைந்து அடைத்திருக்கலாம், ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்துகிறது என்று சொன்னேன். சிவிபி ஏறுவதும் மேப் இறங்குவதும் ஒன்றாகச் சேர்ந்தால் டாம்பனாட் என்றுதான் முதலில் நினைப்பேன், அறுவை மருத்துவரை உடனே கூப்பிடுவேன், ட்யூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன், எக்கோ கருவியைக் கொண்டுவரச் சொல்வேன், நெஞ்சைத் திறக்கும் தட்டைப் படுக்கை அருகே வைப்பேன் என்றேன்.

அதோடு விடவில்லை. சரி, மறுபடி அறுவை அரங்குக்குப் போகிறார், மயக்கம் கொடுக்க வேண்டும், எது ஆபத்து என்றார்கள். புரோபோஃபால் ரத்த நாளங்களைத் தளர்த்திவிடும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், வென்டிலேட்டரின் அழுத்தம் அதை இன்னும் குறைக்கும், அதனால் இவர் தன் மூச்சில் இருக்கும்வரை நல்லது, கீட்டமின் பொருத்தமாக இருக்கலாம் என்றேன். கீட்டமின் ஏன் என்றார்கள். உடலை உஷாராக்கும் சிம்பதெடிக் நரம்பைத் தூண்டும், நாடியும் அழுத்தமும் தாங்கும் என்றேன். சிம்பதெடிக் ஏற்கெனவே வற்றிப்போன நோயாளியில் கீட்டமின் என்ன செய்யும் என்று அடுத்த கேள்வி. அது எனக்கு உறுதியாகத் தெரியாது, தூண்ட எதுவும் மிச்சம் இல்லையென்றால் அழுத்தம் இறங்கலாம் என்று ஊகிக்கிறேன், படித்துப் பார்ப்பேன் என்றேன். ஒருவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார். அந்தக் கல்லூரியில்தான் இப்போது படிக்கிறேன்.

ஓஹயோ அக்கா:

தம்பி சொன்னதை நன்றாகப் படி. குழுவில் இருப்பவர்கள் உனக்குத் தெரியாத இடம் வரும்வரை கேட்டுக்கொண்டே போவார்கள். அந்த இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதைப் பார்க்கத்தான் அவ்வளவு கேள்வியும். தெரியாததைத் தெரிந்ததுபோல அடித்துவிடுகிறவரை எங்களுக்குப் பயம். மயக்க மருந்து வேலையில் அது ஆளைக் கொன்றுவிடும்.

இனி நம் ஆட்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. இதை நான் மனசு வலித்துச் சொல்கிறேன். குழுவில் இருக்கும்போது நம் ஊரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த நர்ஸ்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். கையில் அபாரமான அனுபவம். நீ பார்த்த மிக மோசமான நோயாளியைப் பற்றிச் சொல் என்று கேட்டால், டாக்டர் வாசோபிரசின் போடச் சொன்னார், போட்டேன், டாக்டர் ஸ்டீராய்ட் சொன்னார், கொடுத்தேன் என்று முடித்துவிடுவார்கள். அப்படித்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நின்று, கேட்டால் மட்டும் பேசு என்று வளர்த்தார்கள். ஆனால் சிஓஏ விதியிலேயே எழுதியிருக்கிறது, விண்ணப்பிப்பவர் சுயமாக முடிவெடுக்கக்கூடியவராக வளர்ந்திருக்க வேண்டும், கண்காணிப்புக் கருவி காட்டுவதைப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்று. குழு தேடுவது அதைத்தான்.

நீ நிஜத்தில் முடிவெடுக்காமலா இருக்கிறாய்? நள்ளிரவு மூன்று மணிக்கு லாக்டேட் ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது, லெவோஃபெட் ஏற்கெனவே உச்சத்தில் ஓடுகிறது. ரெசிடென்டைக் கூப்பிட்டு, வாசோபிரசின் சேர்க்கலாமா, கார்டிசால் பார்க்கலாமா என்று கேட்பது நீதானே? அவர் சரி என்றார், அவ்வளவுதான். அதைச் சொல். என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், யாரிடம் என்ன கேட்டாய், அப்புறம் என்ன ஆனது. பெருமை பேசச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி, உன் பங்கை விட்டுவிடாமல் சொல்லச் சொல்கிறேன்.

இன்றைக்கே ஒன்று தொடங்கு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள். ஃபினைலெஃப்ரின் கொடுத்தால் ஏன் நாடி குறைகிறது? ஆல்ஃபா ஏற்பியை மட்டும் தூண்டி நாளத்தைச் சுருக்குகிறது, அழுத்தம் ஏறுவதைக் கழுத்திலும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் பார்த்துவிட்டு இதயத்தை மெதுவாக்கச் சொல்கின்றன. இதயத் துடிப்புக்கு வலு தரும் மில்ரினோன் ஓடும் நோயாளிக்குச் சிறுநீரகம் கெட்டால் ஏன் கவனிக்க வேண்டும்? அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. தீக்காயமோ நீண்ட பக்கவாதமோ உள்ளவருக்குத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஏன் ஆகாது? பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுவிடும். வீட்டில் சமைக்கும்போது இதைக் குழந்தையிடம் தமிழிலேயே சத்தமாகச் சொல்லிப் பார். தமிழில் தெளிவாகச் சொல்ல வந்துவிட்டால் ஆங்கிலத்தில் தடுமாற்றம் பாதி குறைந்துவிடும். குரல் உள்ளே போகிறது என்றாயே, அது பெரும்பாலும் மொழிப் பயம் இல்லை. ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஸ்கார்பரோ தாதி:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கனடாவில் தாதியாக வேலை செய்கிறேன். இங்கே இந்தப் படிப்பு இருக்கிறதா? எங்கட வைத்தியசாலையில் அனஸ்தீசியா அசிஸ்டன்ட் என்று ஒருவர் நிற்பார், அவரும் இதே வேலையா?

ஓஹயோ அக்கா:

இல்லை தங்கச்சி. கனடாவில் அவர்கள் மயக்க மருந்து மருத்துவரின் கீழே உதவி செய்பவர்கள். தனித்து மயக்கம் கொடுக்கும் நர்ஸ் என்ற தொழில் அங்கே இல்லை. இந்த வேலைதான் வேண்டும் என்றால் அமெரிக்காவுக்கு வந்து, இங்கே ஐசியு அனுபவம் சேர்த்து, அப்புறம்தான். ரொறன்ரோ ஐசியு வருடங்களும் அதே விதியால் சேராது.

மதுரை ஓடி:

அக்கா, நான் ஊரில் பிஎஸ்சி அனஸ்தீசியா டெக்னாலஜி கடைசி வருடம். நான் நேரடியாக சிஆர்என்ஏ படிக்க முடியுமா? இங்கே ஒரு கன்சல்டன்சி முடியும் என்று சொல்லிப் பணம் கேட்கிறார்கள்.

கிண்டி டு டாலஸ்:

பணம் கொடுக்காதே தம்பி. சிஆர்என்ஏவுக்கு அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக இருந்தே ஆக வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது. உன் படிப்புக்கு நெருங்கியது சர்ட்டிஃபைட் அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டன்ட் என்ற வேறு தொழில். அது முதுநிலைப் படிப்பு, மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் படிக்கும் வேதியியல், இயற்பியல், உயிரியல் எல்லாம் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும், எம்கேட் அல்லது ஜிஆர்ஈ எழுத வேண்டும். எல்லா மாநிலத்திலும் அவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அந்தக் கல்லூரிகளின் தளத்தை நீயே நேராகப் படி.

கணக்குப்பிள்ளை:

என் மனைவி முதல் வருடம் படிக்கிறார், வீட்டுக் கணக்கு என் பொறுப்பு. பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

மூன்று வருடம் ஒரு சம்பளம் நின்றுபோகும். படித்துக்கொண்டே வேலை பார்ப்பது நடக்காத காரியம், பல கல்லூரிகள் எழுத்திலேயே வேண்டாம் என்கின்றன. களப்பயிற்சி தொடங்கினால் விடியற்காலை ஐந்து மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்.

கடன் விதி மாறிவிட்டது, இதைக் கட்டாயம் கவனியுங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கல்விக் கடன் கிடையாது. பட்டமேற்படிப்பு மாணவருக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம் டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். சிஆர்என்ஏ படிப்பு எந்தப் பட்டியலில் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நர்சிங்கைத் தொழிற்படிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நர்ஸ் அமைப்புகள் போராடுகின்றன. விண்ணப்பிக்கும் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அரசுக் கடனே குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான். வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்4 விசாவில் இருப்பவர்கள், இந்தியர்களுக்கு இருக்கும் நீண்ட கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள், தனியார் கடனுக்குக் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டிவரும். இந்த வரிசையால் எத்தனை கெட்டிக்கார நர்ஸ்கள் ஆசையை உள்ளேயே வைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் வெகுகாலம் அப்படி இருந்தார். சம்பளம் பின்னால் ஈடு கட்டும், 2023 மே அரசுக் கணக்கில் இந்தத் தொழிலின் நடுநிலை ஆண்டு ஊதியம் 2,12,650 டாலர். ஆனால் அதுவரை வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் எங்கிருந்து என்பதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரவுப்பணி:

இதோடு ஒன்று. ஏன் சிஆர்என்ஏ ஆக வேண்டும் என்று கேட்டால் சம்பளத்தை முதலில் சொல்லாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்காக மனப்பாடமாக, சின்ன வயதிலிருந்தே சேவை மனப்பான்மை என்றும் ஆரம்பிக்காதீர்கள். தோழி முதல் பதிவில் தலைமாட்டில் நின்ற அந்த நர்ஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதையே சொல்லுங்கள். தொழிலின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். மேயோ மருத்துவமனையில் 14,000க்கும் மேற்பட்ட மயக்கம் கொடுத்து, மயக்கத்தால் ஒரு மரணம்கூட இல்லை என்று 1906இல் எழுதிய ஆலிஸ் மகாவ் ஒரு நர்ஸ். மயக்கம் கொடுக்கும் நர்ஸ்களின் சங்கமான ஏஏஎன்ஏவை 1931இல் தொடங்கிய அகதா ஹாட்ஜின்ஸ் ஒரு நர்ஸ். மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்ற மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) விதியிலிருந்து மாநிலங்கள் விலகலாம் என்று 2001இல் வந்தது, அயோவா முதலில் விலகியது. இந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் கருத்தைக் கேட்பார்கள்.

ஹூஸ்டன் ஐசியு:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க வயிற்றில் இருந்த கலக்கம் கொஞ்சம் அடங்கியது. கிண்டிக்கு என் தம்பியை நாளைக்கே போகச் சொல்லியிருக்கிறேன். வேதியியலுக்கும் புள்ளியியலுக்கும் இங்கே கம்யூனிட்டி காலேஜில் பதிவு செய்யப் போகிறேன். சிசிஆர்என்னுக்கு மணி நேரம் இன்னும் கொஞ்சம் சேர வேண்டும். இந்த வருடச் சுற்று எனக்கில்லை, அடுத்த சுற்றுதான், அதில் வருத்தமில்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். சிஆர்என்ஏவோடு அறுவை அரங்கில் கூட நின்று பார்க்க வேண்டும் என்கிறார்களே, எனக்கு அங்கே யாரையும் தெரியாது. எப்படிக் கேட்பது?

ஓஹயோ அக்கா:

இரவில் குழாய் போட வருவார் என்றாயே, அவரிடமே கேள். வேலை முடிந்து அவர் லாரிங்கோஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டு இருக்கும்போது, ஒரு நாள் உங்களோடு அரங்கில் நின்று பார்க்கலாமா என்று கேட்டால் போதும், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அனுமதித் தாள்கள் எந்த அலுவலகத்தில் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். போகும்போது தேதி, மணி நேரம், பார்த்த கேஸ் எல்லாம் குறித்துவைத்து அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள், சில கல்லூரிகள் படிவமே வைத்திருக்கின்றன. ஒரே நாளோடு நிறுத்தாதே. குழந்தைகள் அரங்கு, பிரசவப் பிரிவு, இதய அறுவை, முடிந்தால் மூன்றையும் பார். பரிந்துரைக் கடிதத்துக்கு உன் மேலாளரை இப்போதே காதில் போட்டுவை. சில மேலாளர்கள் நல்ல நர்ஸ் போய்விடுவாரே என்று இழுத்தடிப்பார்கள், அதனால் மாற்றாக ஐசியு மருத்துவரான இன்டென்சிவிஸ்ட் ஒருவரையும் கேட்டுவை. நேர்காணல் அழைப்பு வந்தால் இங்கே எழுது, வாரக் கடைசியில் வீடியோவில் நான் கேள்வி கேட்கிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன்:

நானும் வருகிறேன் அக்கா. கீட்டமின் கேள்வி என்னுடையது.